கறுப்பு கறுப்பாத் தெரியணும்

புது டிவியை வாங்கிட்டு வந்து அப்படியே போட்டுப் பார்க்கிறவங்கதான் நிறைய பேர், சார். பாவம், அவங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்றதில்லை. கடையோட விளக்கு வெளிச்சத்துல பளிச்சுன்னு தெரியணும்னு வச்ச அளவுலயே வீட்டுக்கு அனுப்பிடறாங்க. வீட்டுல போட்டா மனுஷ முகமெல்லாம் பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கும். முதல்ல அந்தப் பளபளப்பைக் குறைக்கணும். அப்புறம் அறையை இருட்டாக்கணும். கறுப்பு கறுப்பாத் தெரிஞ்சாத்தான் மத்த நிறத்துக்கெல்லாம் உயிர் வரும்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில கண் பார்த்து பவர் எழுதுறவன். வர்றவங்க மூக்கு மேல கனமான சட்டத்தை மாட்டி, கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டு, "இது தெளிவா, அதுவா?"ன்னு நாள் முழுக்கக் கேட்கிறதுதான் பொழப்பு. ஊருக்கெல்லாம் தெளிவாத் தெரிய வைக்கிறவன், தன் வீட்டுல ஒரு படத்தைத் தெளிவாப் பார்க்க ஆசைப்பட்டா அது பேராசையா? நீங்களே சொல்லுங்க.

ஜன்னலுக்குக் கனமான திரை போட்டேன். எதிர்ச் சுவர்ல இருந்த எங்க கல்யாண போட்டோ டிவியில பிரதிபலிச்சது. கழட்டி பீரோ மேல வச்சேன். என் மனைவி ஒண்ணும் சொல்லலை. இல்ல, சொன்னா. "அடுத்து என்னையும் கழட்டி வச்சிடுவீங்க போல"ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

மிச்சம் இருந்தது அவ அப்பா.

தப்பா நினைக்காதீங்க, மாமனாரை எனக்குப் பிடிக்கும். நுரையீரல் கெட்டுப்போய், மூக்குல குழாயோட எங்க ஹால் கட்டில்லதான் கிடந்தார். பக்கத்துல ஆக்ஸிஜன் மெஷின். அது நின்னா அவருக்கு மூச்சு இல்லைன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும். அந்த மெஷின்ல ஒரு பச்சை விளக்கு. டிவியை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பச்சைப் புள்ளி திரையோட மூலையில வந்து சட்டமா உட்கார்ந்துக்கும். உள் அறைக்கு மாத்தலாம்னா அங்க இருக்கிற பிளக் பாயின்ட் அதைத் தாங்காது. எனக்கு எரிச்சல் வந்தது. மறைக்க என்ன இருக்கு?

கறுப்பு டேப் ஒட்டினேன். "இப்ப திருப்தியா, மாப்பிள்ளை?"ன்னு கேட்டார். விளையாட்டு மனுஷன். என்னிக்காவது எரிஞ்சு வைக்குமேன்னு பக்கத்துல இருந்த சிவப்பு விளக்கையும் மூடினேன். கரன்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போதெல்லாம் வசனத்துக்கு நடுவுல கத்தும், அதனால அலாரம் ஓட்டைக்கும் ஒட்டினேன்.

அப்புறம் மெஷின் ஓடற அந்த உறுமல், வசனத்தையே அமுக்கிடும். மெஷினைக் கொண்டு வந்து வச்ச ஆள் எங்ககிட்ட தெளிவாச் சொல்லியிருந்தார். "சுத்தி இடம் விடுங்க. காத்து போகலைன்னா சூடாகி நின்னுடும். நின்னா சிவப்பு எரிஞ்சு கத்தும், பயந்துடாதீங்க"ன்னார். நான் பயப்படலை.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் மனைவி அவ அக்கா வீட்டுக்குக் கிளம்பினா. செருப்பை மாட்டிக்கிட்டே, "ஏங்க, அப்பாவைப் பார்த்துக்குங்க"ன்னா. நீ நிம்மதியாப் போயிட்டு வான்னேன். அவ தலை மறைஞ்சதும் ரெண்டு கம்பளியை மடிச்சு மெஷின் மேல போர்த்தினேன்.

"ஏன் மாப்பிள்ளை, அதுக்கும் குளிருதா?"ன்னார்.

நானும் சிரிச்சேன். படத்தைப் போட்டேன்.

ஆழ்கடலைப் பத்தின படம் சார். வெளிச்சமே போகாத ஆழம். கறுப்புன்னா அதுதான் கறுப்பு. அதுக்குள்ள தானா மினுங்கிட்டு ஒரு மீன் வந்தது, அதோட ஒவ்வொரு செதிலையும் தனித்தனியாப் பார்த்தேன். சந்தோஷத்துல கண்ணு கலங்கிடுச்சு. மெஷின் எப்ப நின்னதுன்னு கேட்டீங்களே, சரியாச் சொல்ல முடியலை. ஒரு கட்டத்துல ஹால் ரொம்ப அமைதியா இருந்தது. நல்லா இருந்தது.

அப்பத்தான் கடலுக்கு அடியில ஒரு கை தெரிஞ்சது. அஞ்சு விரலும் விரிஞ்ச கை. கட்டில்லேர்ந்து விழற பிரதிபலிப்புன்னு உடனே புரிஞ்சிடுச்சு. என் தொழிலே அதுதானே.

திரும்பிப் பார்த்தியான்னு கேட்கறீங்க. இல்ல. நாற்காலியை இடது பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டேன். கை மறைஞ்சது.

படம் முடியறப்பதான் மனைவி வந்தா. வந்ததும் ட்யூப்லைட்டைப் போட்டா. அப்புறம் நடந்ததெல்லாம் அக்கம்பக்கத்துக்காரங்க சொல்லியிருப்பாங்க. அவ இப்ப என் முகத்தைப் பார்க்க மாட்டேங்கறா. அது கஷ்டமா இருக்கு.

தெரிஞ்சேதான் விட்டியான்னு நேராக் கேளுங்க, நேராச் சொல்லிடறேன். ஆமா, தெரிஞ்சேதான். அந்தக் கை எதுக்கு எழும்புதுன்னு எனக்குத் தெரியும். ஆனா எழுதறது எழுதறீங்க, இதையும் சேர்த்து எழுதிக்குங்க, சார். நான் ஒண்ணும் சுயநலக்காரன் இல்ல. அவருக்கும் படம் நல்லாத் தெரியணும்னு, அவர் கட்டிலை நான்தான் டிவிக்கு நேராத் திருப்பிப் போட்டேன்.