லிஃப்ட் மெக்கானிக்கின் கீறலில்லாத காயம்

அவைக்கு அணிசெய்யும் தலைவர் அவர்களே! அறிவூட்டிய ஆசிரியர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் அன்னையரே! நான் எப்போது முடிப்பேன் என்று ஏங்கும் அருமைத் தோழியரே! அனைவருக்கும் அன்பு வணக்கம்.

காலில் அடிபட்டால் கட்டுப் போடுகிறோம். காய்ச்சல் வந்தால் மாத்திரை தருகிறோம். மனத்தில் அடிபட்டால்? “மறந்துடு” என்கிறோம்! மறக்க முடிந்தால் அது காயமா?

என் அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். ஒருநாள் லிஃப்டின் கூரைமேல் நின்று அவர் பழுதுபார்க்கையில், அது சரசரவென்று இரண்டு மாடி இறங்கி இருட்டில் நின்றது. உடம்பில் கீறல்கூட இல்லை. ஆனால், அன்றுமுதல் அவர் குளியலறைக் கதவைக்கூடத் தாழிடவில்லை. பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. பரவாயில்லை, என் அண்ணனும் “கதவுக்கு லீவாப்பா?” என்று கேட்டவன்தான்.

கருவிப்பையைத் தொடவே மறுத்தார். கம்பெனியில் கிடங்கு வேலை தருவதாகச் சொன்னார்கள். உயிரான தொழில் ஒரேயடியாகப் போய்விடுமோ என்று ஒடுங்கிப்போனார். அவர் வாய் திறந்தாலே அம்மா, “அதையே நெனச்சுட்டு இருக்காதீங்க, சாப்பிடுங்க” என்பார். அன்புதான்! அந்த அன்புதான் அவர் வாயை அடைத்தது.

மனநல ஆலோசகரிடம் போனோம். அவர் அறைக்கோ சன்னலில்லை. அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். அந்த அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடைக்கூடத்துக்கே வந்துவிட்டார்! தட்டுங்கள், தாராளமாகக் கைதட்டுங்கள்!

“மெதுவா சொல்லுங்க. வேணாம்னா நிறுத்திக்கலாம்” என்றார். அப்பா அழுதார். “ஐயோ, அழாதீங்க” என்று அம்மா பதறி எழுந்தார்.

“உக்காருங்கம்மா. அவர் அழட்டும். நாம இங்கதானே இருக்கோம்.”

சில வாரங்கள் கழித்துத்தான் உண்மையான வலி வெளியே வந்தது. லிஃப்டின் மேலே நிற்பவர் “இருக்கியா?” என்றால், கீழே நிற்பவர் “இருக்கேன்” என்று குரல் கொடுக்க வேண்டும். அது அவர்கள் தொழிலின் வழக்கம். அன்று இருட்டில் அப்பா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பதில் வரவில்லை. விழுந்ததைவிட வலித்தது அதுதான்!

“அன்னிக்குக் கீழே நின்னவர்கிட்டயே கேக்கலாமே?” என்றார் ஆலோசகர். கூட வேலை செய்தவரும் வந்தார்.

“டார்ச் எடுக்கப் போயிட்டேண்ணே...”

“சொல்லிட்டுப் போயிருக்கலாமேடா பாவி!”

அப்பா கத்தினார். பிறகு இருவரும் சேர்ந்து அழுதார்கள்.

அன்றோடு அச்சம் அகன்றதா? இல்லை! லிஃப்டுக்குள் நின்றார், வியர்த்து வெளியே ஓடினார், மறுபடியும் நின்றார். ஆலோசகர் அவசரப்படுத்தவில்லை. ஆறுதலுக்காகக்கூட ஒரு பொய் சொல்லவில்லை. எது வீரம்? விழாமல் இருப்பதா? விழுந்தேன், வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வதே வீரம்! அதை இடைமறிக்காமல் கேட்பது அதனினும் வீரம்!

இன்று என் பேச்சைக் கேட்க அப்பா வரவில்லை. எனக்கு வருத்தமா? பெருமை! ஏதோ ஒரு கட்டடத்தில், கீழே அதே நண்பர் நிற்க, ஒரு லிஃப்டின் கூரைமேல் என் அப்பா வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்!

நாற்காலியோடு வெளியே வந்த அந்த அம்மையாருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன்.