நிற்கிறாள்

— ஒரே ஒரு எழுத்து, சரண்யா. அதுக்குப் போய் காலையிலேர்ந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே.

— ஒரு எழுத்துதான நோரா மிஸ். 'ள்' எடுத்துட்டு 'ர்' போடுங்க. நான் பாட்டுக்குப் போய்க்கினே இருப்பேன்.

— திரும்பப் படி. என்ன தப்புன்னு நானும் கேக்கறேன்.

— "நாற்காலியில் ஓர் அம்மையார் அமர்ந்திருக்கிறார். பச்சைப் புடவை கட்டிய பெண், கையில் துடைப்பத்துடன், பின்னால் நிற்கிறாள்." போதுமா? உக்காந்தா 'ஆர்'. நின்னா 'ஆள்'.

— கேளு. வீட்டு வேலை பத்தின பாடம் அது. படம் நாப்பது வருஷத்துக்கு முந்தினது. அப்ப அப்படித்தான் சொன்னாங்க.

— படம் அப்ப எடுத்தது. விளக்கம் எழுதினது போன வாரம். நீங்க.

— படத்துல என்ன இருக்குன்னு பார்வை இல்லாத பசங்களுக்கு விவரம் வேணும். குடுத்திருக்கேன். அதுல என்ன குறை?

— நம்ம புத்தகத்த முன்னாடியே சோதிச்சுப் பாக்கற கண்ணு தெரியாத பையன் காஷிஃப், அதக் காதால கேட்டான் மிஸ். கோட்டூர்புரம் லைப்ரரில, ஹெட்போன் மாட்டிக்கினு. பாடத்துக்குப் பின்னால கேள்வி கீதுல்ல, படத்துல என்ன உழைப்பு தெரியுதுன்னு? அதுக்கு 'குழந்தைத் தொழிலாளர்'னு பதில் எழுதிட்டான்.

— ஏன்?

— 'நிற்கிறாள்'னு படிச்சுக் காட்டற மிஷின் சொல்லுச்சு. சின்னப் பொண்ணு, யாரோ புடவை சுத்தி விட்டிருக்காங்கன்னு நெனச்சுக்கினான்.

— அவன் எப்பவும் அவசரக் குடுக்கை.

— நெத்தியோரம் நரை கீது மிஸ் அவங்களுக்கு. உக்காந்திருக்கவங்கள விட மூத்தவங்க. அதச் சொன்னதும் காஷிஃப் சிரிக்கிறான். "அப்ப படமே வேணாம், கடைசி எழுத்த வச்சே முதலாளி யாருன்னு சொல்லிடலாம்"னு.

— கேளு. சாயங்காலம் புத்தகத்த நெட்ல ஏத்தணும். மத்த படத்துக்கெல்லாம் உன் இஷ்டத்துக்கு விட்டேன். மீன் விக்கிறவங்க, குப்பை அள்றவங்க, எல்லாருக்கும் 'ஆர்' போட்டே. ஒரு வார்த்தை சொன்னேனா?

— அதான் கேக்கறேன். எல்லாத்தையும் என்னை எழுதச் சொன்னீங்க. இத மட்டும் ஏன் நீங்க எழுதினீங்க?

— படம் நான் கொண்டாந்தது.

— இப்பப் புரியுது. உக்காந்திருக்கவங்க உங்க வூட்டு ஆளு.

— வாய அடக்கிப் பேசு.

— தப்பா இன்னா கேட்டுட்டேன்? 'எல்லார் குரலும் ஒலிக்கும் பாடநூல்'னு முன்னுரை எழுதிக்கீறீங்க. எங்கம்மா மந்தவெளியில நாலு வூட்டுல வேலை செய்றா. சிந்தாதிரிப்பேட்டையிலேர்ந்து விடிகாலைல பஸ் ஏறுவா. அவளப் பத்தி ஒருத்தர் இப்படி எழுதினா...

— 'செய்றா'. 'ஏறுவா'. நீயே மரியாதை குடுக்கலியே.

— எங்கம்மா மிஸ். நான் சொல்லலாம். புத்தகம் சொல்லக் கூடாது.

— மாத்தலேன்னா என்ன பண்ணுவே?

— என் பேர எடுத்துடுங்க.

— அவ்வளவுதானா?

— இல்ல. இந்தப் புத்தகத்த யார் வேணா எடுக்கலாம், திருத்தலாம், திரும்ப வெளியிடலாம்னு முதல் பக்கத்துல போட்டிருக்கு. நீங்க ஏத்தின கையோட நான் திருத்தி இன்னொண்ணு ஏத்துவேன். எந்தப் புத்தகம் எந்தக் காலேஜுக்குப் போவுதுன்னு பாத்துக்கலாம்.

— என்கிட்டயேவா?

— உங்ககிட்டதான மிஸ் கத்துக்கினேன்.

— உன் பேரோட வரப் போற முதல் புத்தகம் இது. நாளைக்கு வேலை கேட்டுப் போனா இதத்தான் காட்டணும். வேணாமா?

— வேணும். தெருவுல எல்லார்கிட்டயும் எங்கம்மா சொல்லி வச்சிருக்கா. ஆனா இந்த 'ள்'ளோட வேணாம்.

— பிடிவாதம்.

— இன்னொரு தப்பும் கீது. அதையும் சொல்லிடறேன். படம் கறுப்பு வெள்ளை. நீங்க பச்சைப் புடவைன்னு எழுதிக்கீறீங்க. படத்துல இல்லாதத எழுதக் கூடாதுன்னு எனக்கு ரூல் சொன்னது யாரு?

— பச்சைதான்.

— எப்படி மிஸ் தெரியும்? சாம்பலாத்தான் கீது.

— பச்சைதான்னு சொல்றேன்ல.

— படத்த எத்தினி தபா பெருசு பண்ணிப் பாத்துட்டேன். யாரு கேட்டாலும் என்னால பச்சைன்னு சொல்ல முடியாது. அந்த வார்த்தையும் எடுக்கணும்.

— இங்க வா. நீயே உக்காரு.

— எதுக்கு?

— 'நிற்கிறார்'னு மாத்து. நீ சொன்னதுதான் சரி, புத்தகம் சொல்லக் கூடாது. பச்சைய மட்டும் தொடாத சரண்யா. எங்கம்மாகிட்ட இருந்தது அந்த ஒரு புடவைதான்.