சாஹாங் படகு நடுரோட்டில் போன விவரம்

என் பெயர் வெய் தாஷெங். தகப்பனார் பெயர் வெய் யூமிங். வயது நாற்பத்தாறு. சொந்த ஊர் குவாங்சி மாகாணத்தில் மலைப்பக்கம். பொக்லைன் ஓட்டுவது தொழில். பத்தொன்பது வருடமாகக் குவாங்சோ நகரம், சாஹாங்கில் இருக்கிறேன்; இப்போது மூன்றாவது சந்தில், குவான் சியூபாக் என்பவர் வீட்டின் ஆறாவது மாடியில் மனைவி லானுடன் குடியிருந்து வருகிறேன். இந்தப் போலீஸ் நிலையத்தில் யாரும் என்னை மிரட்டவில்லை; என் புத்தியோடுதான் சொல்கிறேன்.

நான் வந்தபோது சாஹாங் கிராமமாகத்தான் இருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நெல்வயலும் லிச்சித் தோப்பும் இருந்தன. பிறகு வயலில் எட்டு வழிச் சாலை வந்தது, தோப்பில் மெட்ரோ நிலையம் வந்தது. ஊர்க்காரர்கள் மிஞ்சிய மனையில் எட்டு மாடி கட்டி எங்களைப் போன்றவர்களைக் குடிவைத்தார்கள். எதிர்வீட்டில் மீன் பொரித்தால் என் சட்டை மணக்கும், அவ்வளவு நெருக்கம். போன வருடம் வாய்க்காலையும் மூடிவிட்டார்கள். அதன் பிறகு ஊர் என்று சொல்லிக்கொள்ள இருந்தது கோயிலும், கோயில் குளமும், குளத்துச் சேற்றில் புதைத்து வைத்திருந்த டிராகன் படகும்தான்.

படகு முப்பத்தாறு மீட்டர் நீளம். சேறு காயாதவரை மரம் கெடாது என்பதால் வருடம் முழுக்க உள்ளேயே கிடக்கும். எங்கள் பஞ்சாங்கப்படி ஐந்தாம் மாதம் ஐந்தாம் தேதித் திருவிழாவுக்கு வெளியே எடுத்து, வாய்க்கால் வழியாக ஆற்றில் இறங்கிப் பக்கத்து ஊர்களுக்கு விருந்து போவார்கள். ஊர்க்காரர்களான குவான் வம்சத்தார் மட்டுமே அதில் உட்காரலாம். நான் பத்தொன்பது வருடமும் கரையில் நின்று தொண்டை கட்டக் கத்தியவன்.

சென்ற குளிர்காலத்தில் குளத்தைப் பூங்காவாக்க வந்த ஒப்பந்தக்காரர், தண்ணீரை இறைத்துவிட்டுச் சேற்றின் மேல் சிமெண்ட் போட்டார். அடியில் படகு இருப்பதை ஊரே சொல்லியும், "வாய்க்காலே இல்ல, அப்புறம் படகு எதுக்கு?" என்றார். அதன் பிறகு சியூபாக் மூன்று மனு கொடுத்தார். பரிசீலனையில் இருப்பதாக மூன்றுக்கும் பதில் வந்தது. இந்தத் திருவிழாவுக்குள் எடுக்காவிட்டால் மரம் வெடித்துவிடும், அத்தோடு சாஹாங் என்று ஒன்று இல்லை என்று, என் வீட்டுக் குழாயைப் பார்க்க வந்த சியூபாக் வாசலில் நின்று அழுதார். எனக்குப் பொறுக்கவில்லை.

நேற்று மதியம் பொக்லைன் சாவியை எடுத்தபோது லான், "நமக்கேன்யா வம்பு? அவங்க ஊரு, அவங்க படகு. லைசென்ஸ் போனா சோத்துக்கு எங்க போறது?" என்றாள். நான் சாவியோடு கீழே இறங்கினேன். இருட்டிய பிறகு செய்யலாமே என்று சியூபாக்கிடம் கேட்டேன். "ராத்திரி எடுத்தா அது திருட்டு. நம்ம படகுடா, பட்டப்பகல்ல எடுப்போம்" என்றார்.

குளத்தில் அடையாளம் எதுவும் இல்லை. சியூபாக் கோயில் வாசற்படியில் முதுகை வைத்து நின்று, செல்போன் கடை மூலையைப் பார்த்தபடி நாற்பத்தொரு அடி நடந்தார். "இங்க தோண்டு. ரெண்டு சாண் இடது பக்கம் போனா படகு மூக்கு ஒடஞ்சிரும். அது ஒடஞ்சா உன் மூக்கும் இருக்காது" என்றார். நான் சிமெண்டைப் பெயர்த்தேன். அதன் பிறகு கையால் சேற்றை அள்ளினோம். அவர் சொன்ன இடத்தில், சொன்ன ஆழத்தில் மரம் தட்டுப்பட்டது. ஈரம் காயவில்லை. அடேயப்பா, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது!

வாய்க்கால் இல்லாததால், அதன் பிறகு நூறு பேருக்கு மேல் தோள் கொடுத்துப் படகை எட்டு வழிச் சாலை வழியாக ஆற்றுக்குத் தூக்கிப் போனோம். சிக்னலில் படகு திரும்பவில்லை. ஒரு பஸ் பின்னால் போய் இடம் விட்டது. அதன் டிரைவரும் இறங்கி வந்து தோள் கொடுத்தார். வம்பு வேண்டாம் என்ற லானும் படகின் வாலைப் பிடித்திருந்தாள். நாற்பது நிமிடம் போக்குவரத்து நின்றது உண்மை. முதல் பத்து நிமிடம்தான் ஹாரன் அடித்தார்கள். எத்தனையோ ஊரில் மண் வெட்டியிருக்கிறேன் ஐயா. வயல், வாய்க்கால் எல்லாம் போன பிறகும் ஊராகவே நிற்கிற இப்படி ஒரு ஜனத்தை நான் எங்கும் பார்த்ததில்லை.

இன்று காலை முதல் குவான் ஆட்கள் இங்கே வரிசையில் நின்று, "சிமெண்டை உடைத்தது நான்தான்" என்று ஆளுக்கு ஆள் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்வதாக அறிகிறேன். நம்ப வேண்டாம். அவர்களில் பொக்லைன் ஓட்டத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நாளை விருந்துக்குப் படகில் எழுபது பேரும் வேண்டும், ஆகையால் அவர்களை விட்டுவிடுங்கள். நான் படகில் ஏறாதவன், என்னை நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி நான் சொல்லும்போது வாசலில் நின்றிருந்த சியூபாக், "யாருடா ஏறாதவன்? படகுல உக்கார்ற இருபத்தி மூணாவது பலகை உனக்குன்னு நேத்தே கோயில்ல சொல்லியாச்சு. வளவளன்னு பேசாம கையெழுத்தப் போட்டுட்டு வா, துடுப்புப் பிடிக்கப் பழக வேணாமா?" என்றார். எனக்கு நீச்சல் தெரியாது என்றேன். "நாங்க எதுக்குடா இருக்கோம்?" என்றார்.

எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. என்னை நிறுத்தி வைக்கச் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

(ஒப்பம்) வெய் தாஷெங்