மருதாணிக் கிண்ணம்

பெண்கள் பார்லருக்குப் போவதைத் தப்பாக நினைக்கிறவன் இல்லை நான். அன்று என் மனைவி அஸ்வினியைப் பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டதே நான்தான், சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. ஏழாம் மாதம். வளைகாப்புக்கு ஒன்பது நாள் இருந்தது. போட்டோவில் முடி சுருள் சுருளாகத் தெரியும், நேராக்கிக்கொள்கிறேன் என்று கேட்டாள். சிம்மக்கல்லில் என் மோட்டார் கடைக்கு இரண்டு தெரு தள்ளித்தான் சத்யப்ரியாவின் பார்லர். சரி என்றேன். அப்புறம் கடையில் சும்மா இருந்த நேரத்தில் செல்போனைப் பார்த்தால், முடி நேராக்கும் மருந்தின் ஆவி வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார். கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டுக் கிளம்பினேன்.

சாயந்திரம் நான் வீட்டுக்குப் போனபோது அவள் சேலையில் அந்த மருந்து வாடை அடித்தது.

"தலைக்கு மருதாணிதாங்க வச்சாங்க. இந்த வாடை பக்கத்துச் சேருல இருந்தவங்களுக்குப் போட்டது" என்றாள்.

பொய் எனக்குப் பிடிக்காது. கொஞ்சம் பேச்சு வளர்ந்தது. எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

மறுநாள் காலையில் அவளுக்கு உதிரம் போனது. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, பிள்ளைக்குத் துடிப்பு இல்லை என்றார். ஆண் பிள்ளை. என் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை இருந்தான். வாய்விட்டு அழுதேன், சார். அவனுக்குக் குழி தோண்டியதும் நான்தான். வேறு யாரையும் தொடவிடவில்லை.

மூன்றாம் நாள் மதியம் பார்லருக்குப் போனேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரமே இல்லை. சத்யப்ரியா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கை கழுவும் வரை காத்திருந்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்கினேன்.

"அண்ணே, மாசமா இருக்கவங்களுக்கு அந்த மருந்த நான் தொடவே மாட்டேன். அஸ்வினி எம்புட்டோ கெஞ்சுனாங்க. டாக்டரம்மாகிட்ட போன்ல கேட்டுட்டு, அரைச்ச மருதாணிதாண்ணே வச்சுவிட்டேன்" என்றாள்.

மருந்துப் பாட்டில் அலமாரியில் கண்ணெதிரே இருந்தது. எடுத்து நீட்டினேன்.

"குடி."

"இது தலைக்குப் போடுறதுண்ணே."

"எம்பிள்ள மட்டும் குடிக்கலாமாம்மா?"

தலை அலசும் தொட்டியில் கழுத்தை வைக்க ஒரு பள்ளம் உண்டு. முடியை அடியோடு பிடித்து அதில் சாய்த்தேன். வசதியாகத்தான் இருந்தது. ஊற்றும்போது அவள் முகத்தைத் திருப்பியதில் கண்ணில் பாதி போனது, வாயில் பாதி. மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டேன். அவள் உதைத்த உதையில் கண்ணாடி ஒன்று உடைந்தது. அடங்க நேரமாகும் என்று நினைத்திருந்தேன், அப்படி ஒன்றும் ஆகவில்லை. சேலையைச் சரிசெய்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, நேராக ஸ்டேஷனுக்கு வந்தேன். ஓடி ஒளிகிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

அஸ்வினிக்குக் கலக்கிய கிண்ணத்தில் இருந்தது வெறும் மருதாணி என்று பரிசோதனைத் தாளைக் காட்டுகிறீர்கள். சத்யப்ரியா டாக்டரம்மாவுக்குப் போன் போட்டதும் உண்மைதான் என்கிறீர்கள். இருக்கட்டும். அப்படியானால் என் பிள்ளை எதனால் போனான்?

அஸ்வினியின் வயிற்றில் ஒரு பாதத்தின் அகலத்துக்குக் கன்றியிருக்கிறது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருக்கிறாராம். மறைக்கவில்லை. அன்று சாயந்திரம் பேச்சு வளர்ந்ததில் அவள் கீழே விழுந்தாள். நான் இரண்டு மிதி மிதித்தேன். அதையும் இதையும் போட்டுக் குழப்பாதீர்கள், சார். பிள்ளைத்தாய்ச்சி என்கிற அக்கறை எனக்கு இருந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் மிதித்தேன்.