துணி சுற்றிய தூண்

— தூணைச் சாவியால தட்டாதீங்க மாமா. கேக்கவே ஒரு மாதிரி இருக்கு.

— எனக்கும்தான் மாப்ள. பக்கத்துத் தூண் கல்லு மாதிரி பேசுது, இது காலி டப்பா மாதிரி பேசுது.

— கார் நிறுத்துற இடத்துல எல்லாச் சத்தமும் அப்படித்தான் எதிரொலிக்கும்.

— அப்ப அந்தத் தூண் மட்டும் மொட்டைமாடியிலயா நிக்குது? சுத்தின துணி கார்பன் ஃபைபர், விமானத்துக்குப் போடுற சரக்கு, இரும்பைவிடப் பலம்னு சொன்ன. நானும் திறப்பு விழாவுல மைக்கைப் பிடிச்சு அப்படியே சொன்னேன்.

— அதுல பொய் இல்ல. துணி அசல், பசையும் அசல்.

— உள்ள?

— உள்ளதான் கொஞ்சம்...

— இழுக்காம சொல்லு.

— கம்பி துருப்பிடிச்சு ஊதி, காங்கிரீட்டைப் பொளந்துடுச்சு. பொளந்ததைக் கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, புதுசாப் பூசி, காஞ்சப்புறம்தான் துணியைச் சுத்தணும். மத்த தூணுக்கெல்லாம் அப்படித்தான் செஞ்சோம். இதுக்கு மட்டும் மேலாக்கப் பூசிச் சுத்திட்டோம்.

— அப்ப துரு?

— உள்ள அது பாட்டுக்கு வேலை பாக்குது. துணி இருக்கிறதால வெளிய தெரியாது.

— ஏன்டா இப்படிச் செஞ்ச?

— விழாவை நீங்க முன்னாடி இழுத்துட்டீங்க. ரிப்பன் வெட்ட வர்றவருக்கு அன்னைக்குத்தான் ஓய்வுன்னு.

— ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தள்ளி வச்சிருப்பேன்.

— 'தூண்களைக் காத்த தூணே'ன்னு உங்க படம் போட்டு பேனர் கட்டியாச்சு மாமா.

— அது குடியிருப்போர் சங்கம் வச்சது.

— சங்கத் தலைவர் நீங்கதானே.

— பேச்சை மாத்தாத. வேற ஆளைக் கூப்பிடலாம்னு அத்தனை பேரும் சொன்னாங்க. 'என் மச்சினன், கூடப் பொறந்தவ வீட்டுக்குக் கீழ தப்பு செய்வானா'ன்னு கேட்டு நான்தான் அவங்க வாயை அடைச்சேன்.

— தெரியும்.

— இதுக்கு நேர் மேல எந்த வீடு?

— உங்க வீடு. படுக்கையறை.

— உங்க அக்காவும் பசங்களும் படுக்கிற இடம்டா. துணியைச் சுத்தும்போது அது ஞாபகம் வரலையா உனக்கு?

— வந்துச்சு மாமா. அதான் அன்னைக்கே அக்காகிட்ட சொல்லிட்டேன்.

— அவகிட்டயா? அவ உங்க அம்மாவுக்கு முட்டிவலின்னு பசங்களையும் கூட்டிக்கிட்டு விழாவுக்கு முந்தின நாளே கிளம்பிப் போனவ. இன்னும் திரும்பல.

— அம்மாவுக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு.

— நான் மட்டும் அங்கேயே படுத்துத் தூங்கிட்டு இருக்கேன். என்கிட்ட ஏன்டா யாரும் சொல்லல?

— சொல்லத்தான் மேல வந்தேன். கண்ணாடி முன்னாடி நின்னு மேடைப் பேச்சு பேசிப் பாத்துட்டு இருந்தீங்க. அக்கா கதவைச் சாத்திட்டாங்க. 'ரொம்ப நாளைக்கப்புறம் சந்தோஷமா இருக்காரு, கெடுக்காத'ன்னு சொல்லிட்டு, பசங்க துணியையும் அவங்க துணியையும் மட்டும் பெட்டியில மடிச்சு வச்சாங்க.