டீசல் போடச் சொன்னார் பைலி

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வரும்போது வரட்டும். கலூரில் துணிக்கடை வைத்திருக்கிற நம்ம கபீர் இருக்கிறாரே, அவருடைய மச்சான் அன்சாருக்கு நடந்தது இது. இட்டுக்கட்டினது என்று நினைக்கிறவர்கள் கபீரிடமே கேட்டுக்கொள்ளலாம். பதில் சொல்ல மாட்டார், எழுந்து போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை. மக்ரிப் தொழுகை முடிந்து இருட்டுகிற நேரம். கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோடு... மற்ற நாளில் லாரியும் மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்களுமாக நெரிபடுகிற ரோடு. அன்றைக்கு ஒரு நாய்கூட இல்லை. கிடங்குகளெல்லாம் பூட்டு. மழை ஓய்ந்து, ஓட்டு விளிம்பில் சொட்டுகிற சத்தம் மட்டும். சுக்கும் மிளகும் ஈரத்தில் ஊறின வாடை ரோடு முழுக்க நின்றது. நடுவில் தனியாக நடந்துபோன அன்சாருக்கு மட்டும் அது தெரியவில்லை.

ஏனென்றால் அவனுக்கு மூக்கு இல்லை. முகத்தில் இருக்கிறது, வேலை செய்யாது. ஒரு காலத்தில் அந்த பஜாரில் அவன் மூக்குக்குத் தனி மரியாதை. ஒரு பிடி மிளகை முகர்ந்து, போன வருஷத்துச் சரக்கா இந்த வருஷத்துச் சரக்கா என்று சொல்லிவிடுவான். கொரோனா வந்தது. போகும்போது அவன் மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது. மிளகுக் கடையில் மூக்கில்லாதவனுக்கு என்ன வேலை? வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் விலகிக்கொண்டான். மனைவி ஷரீஃபாவுக்கு மட்டும் தெரியும்.

அப்புறம்தான் அந்தப் பழைய பாய்ப்படகை வாங்கினான். சாயங்காலம் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சூரியன் விழுவதைக் காட்டலாம் என்று கணக்கு. பாய் விரித்து ஓடுகிற படகுதான். ஆனாலும் படகு கட்டுகிற ஜெட்டியை விட்டு வெளியே எடுக்கவும், காற்று விழுந்தால் கரை சேரவும் அடியில் ஒரு சின்ன இஞ்சின் வேண்டும். அதில் இருந்தது பெட்ரோல் இஞ்சின்.

தோப்பும்படியில் பட்டறை வைத்திருக்கிற பைலி வந்து பார்த்தார். இஞ்சினை மூடின பலகையைத் தூக்கினார். உள்ளே பார்த்தார். உடனே மூடிவிட்டார்.

“இதைக் கழட்டிக் களை, மோனே. டீசல் மதி, அது போதும்.”

“டீசல் கனம், சேட்டா. ஆட்டம், புகை வேற. வர்றவங்க சூரியனைப் பாக்க வர்றாங்களா, புகை குடிக்க வர்றாங்களா?”

“பெட்ரோல் ஆவி மேல போகாது. கீழ இறங்கிப் படகோட வயித்துல கிடக்கும். சாவி திருப்பறப்ப ஒரு பொறி போதும். டீசல் அப்படிச் சட்டுனு பிடிக்காது.” பைலி கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். “பெட்ரோல்தான் வேணும்னா ஒவ்வொரு தடவையும் பலகையைத் தூக்கி, மூக்கை வச்சுப் பாத்துட்டுதான் சாவியைத் தொடணும். செய்வியா?”

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு மூக்கு இல்லை சேட்டா, அவ்வளவுதான். அன்சார் மென்று விழுங்கிவிட்டு, “செய்வேன்” என்றான்.

வீட்டில் ஷரீஃபா பிடிபிடியென்று பிடித்தாள். “வாடை தெரியாத மனுஷனுக்கு எதுக்குங்க பெட்ரோலு?”

“அதான் நீ இருக்கியே.”

அப்படித்தான் அது பழக்கமானது. படகை எடுக்கும்போதெல்லாம் ஷரீஃபா வருவாள். பின்பக்கம் மண்டியிட்டுப் பலகையைத் தூக்கி, குனிந்து இரண்டு தடவை மூச்சை இழுப்பாள். ஸ்ஸும்... ஸ்ஸும். பிறகு, “ஒண்ணுமில்ல, எடுங்க.” அதற்கப்புறம்தான் சாவி. ஏறியிருக்கிற சுற்றுலாக்காரர்கள் இதை ஏதோ சாங்கியம் என்று நினைத்து போட்டோ எடுப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். மறுநாள் விடியலில் ஒரு கூட்டம் ஃபோர்ட் கொச்சியில் ஏறுவதாக இருந்தது. படகை அன்றைக்கே அங்கே கொண்டுபோய்க் கட்ட வேண்டும்.

“மகளுக்குச் சோறு குடுத்துட்டுப் பின்னாடியே வரேன். நான் வராம சாவியைத் தொட்றாதீங்க” என்று ஷரீஃபா சொல்லி அனுப்பியிருந்தாள்.

கிடங்குகளுக்கு நடுவே ஒரு சந்து. சந்து முடிந்தால் ஜெட்டி. அன்சார் படகில் இறங்கி, பலகையைத் தூக்கி வைத்துவிட்டு, முன்னால் திரும்பிச் சாவியைப் போட்டான். திருப்பவில்லை. ஷரீஃபாவுக்காகக் காத்திருந்தான். தண்ணீர் படகின் விலாவில் தட்டிக்கொண்டிருந்தது... தப்... தப்...

பின்னால் ஜெட்டிப் பலகை முனகியது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. யாரோ ஏறினால் சாயுமே, அந்தச் சாய்வு.

“வந்துட்டியா?”

பலகை இருந்த இடத்தில் முட்டி வைக்கிற சத்தம். ஸ்ஸும்... ஸ்ஸும்.

கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று. நீளமாக. ஓட்டை வழியாகக் காற்று போகிற மாதிரி.

“என்ன, வாடை இருக்கா?”

“ஒண்ணுமில்ல, எடுங்க.”

ஷரீஃபாவின் குரல்தான். அன்சார் விரலைச் சாவியில் வைத்தான்.

“அய்யோ, தொடாதீங்க! பெட்ரோலு! சந்து பூரா பெட்ரோல் வாடை அடிக்குது!”

அதுவும் ஷரீஃபாவின் குரல்தான். அது சந்துக்குள்ளிருந்து வந்தது... செருப்பு தேய ஓடிவருகிற சத்தத்தோடு.

அன்சார் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. தூக்கி வைத்த பலகை, கறுப்பாக ஒரு பொந்து. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்திருந்த படகு மெல்ல நிமிர்ந்தது. எப்படிக் கரையில் குதித்தான் என்று அவனுக்கு இன்றைக்கும் தெரியாது. ஷரீஃபா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான்.

காலையில் பைலி வந்தார். பெட்ரோல் குழாய் விரிசல் விட்டு, படகின் அடித்தண்ணீரில் எண்ணெய் வானவில்லாக மிதந்தது. அன்சார் எல்லாவற்றையும் சொன்னான், மூக்கு விஷயத்தையும் சேர்த்து. பைலி ஜெட்டி ஓரத்தில் உட்கார்ந்தார்.

“இந்தப் படகுல முந்தி ஒரு பணிக்காரன் இருந்தான். வாடை பாக்கறது அவன் வேலை. ஒரு நாள் அவன் தலையை உள்ள விட்டிருக்கான்... முதலாளிக்கு அவசரம். சாவியைத் திருப்பிட்டான்.” பைலி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “ஆசுபத்திரியில நான் போய்ப் பாத்தேன். முகத்துல மூக்கு இருந்த இடத்துல ரெண்டு ஓட்டைதான் இருந்துச்சு. விடியறதுக்குள்ள போயிட்டான்.”

“இதை ஏன் சேட்டா என்கிட்ட முன்னாடியே சொல்லல?”

“டீசல் போடுன்னு சொன்னேன்ல?”

அந்த வாரமே பெட்ரோல் இஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் போட்டார்கள். படகு கனத்தது. ஆட்டம் அதிகம், கறுப்புப் புகை, வருகிறவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அன்சார் கவலைப்படவில்லை. இனி யாரும் குனிந்து முகர வேண்டாம். ஷரீஃபாவும் ஜெட்டிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். படகில் அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

ஆனால் இன்றைக்கும் ஷரீஃபா ஊரில் இல்லாத நாளில் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அன்சாருக்குச் சோறும் சாயாவும் கடையில்தான். ஏன் என்கிறீர்களா?

போன ரமலானுக்கு முன்னால் ஷரீஃபா மகளைக் கூட்டிக்கொண்டு ஆலுவாவில் இருக்கிற உம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அன்சார் சாயங்காலம் படகைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தான். மழை என்று ஜன்னலெல்லாம் காலையிலேயே சாத்தியாயிற்று. சாயா போடலாம் என்று பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தான். கேஸ் லைட்டரைக் கையில் எடுத்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை. வாசல் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது.

காதுக்குப் பின்னால்... ரொம்பப் பக்கத்தில்...

ஸ்ஸும். ஸ்ஸும்.

கொஞ்சம் பொறுத்து, நீளமாக இன்னொன்று.

“ஒண்ணுமில்ல, பத்த வைங்க.”