‘இறக்கு’ என்று சொல்பவளுக்கு வெட்டு வேண்டாம்

இதை யார் கையில் எடுத்தாலும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: நாளைக் காலை பொதுக்குழு கூடும்வரை யாரிடமும் காட்டாதீர்கள். பக்கத்து அறையில் படுத்திருப்பவரிடம் செத்தாலும் காட்டாதீர்கள். அவர் என் அம்மா. எங்கள் சியர்லீடிங் குழுவின் பயிற்சியாளரும் அவர்தான். நாளை வாக்கெடுப்புக்கு வரும் விதித் திருத்தத்தை எதிர்த்துப் பேச முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருப்பவரும் அவர்தான். அதை ஆதரித்து ஒரு வீராங்கனை பேசப்போகிறாள் என்று அம்மாவுக்குத் தெரியும். அந்த வீராங்கனை நான் என்று தெரியாது. பேச்சு இதுதான்.

அவைக்குத் தலைமை தாங்கும் பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே! கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு கால்புள்ளியையும் பார்க்கும் விதிக்குழுப் பெரியோர்களே! அரை நொடி ஆட்டத்தையும் அளந்து பார்க்கும் நடுவர்களே! விழுந்த பிள்ளையிடம் எல்லோருக்கும் முன்னால் ஓடிவரும் மருத்துவர் அம்மா அவர்களே! தொண்டை கட்டக் கட்ட எண்ணிக்கை சொல்லும் பயிற்சியாளர்களே! பிள்ளை மேலே ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டு, இறங்கியபின் கைதட்டும் தாய்மார்களே, தந்தைமார்களே! தாங்கும் தோள்களே, தயங்காத கால்களே, என் தோழிகளே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இன்னொருவருக்குத் தனி வணக்கம் ஒன்று சொல்ல வேண்டும். என்னைப் பெற்றவர். எனக்கு நிற்கக் கற்றுக் கொடுத்தவர். இன்று எனக்கு எதிர்ப்பக்கம் அமர்ந்திருப்பவர். அம்மா, வணக்கம். வீட்டுக்கு வந்து திட்டுங்கள், இங்கே வேண்டாம்.

(இங்கே யாராவது சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும். அம்மா பக்கம் பார்க்கக் கூடாது.)

பெரியோர்களே! நான் கீழே நிற்பவள். எங்கள் ஆட்டத்தில் இருவர் பாதத்தைத் தாங்குவோம், ஒருத்தி பின்னால் நின்று காப்பாள், ஒருத்தி மேலே நிற்பாள். என் உள்ளங்கைதான் மேலே நிற்பவளுக்குத் தரை. தரை பேசலாமா? பேசலாம் என்று நம் விதிப் புத்தகம் சொல்கிறது. திருத்தம் கொண்டுவரும் கழகம் கேட்டுக்கொண்டால் ஒரு வீராங்கனை ஐந்து நிமிடம் பேசலாம். பேசலாமே தவிர, முன்மொழிய முடியாது, வழிமொழிய முடியாது, வாக்களிக்கவும் முடியாது. விழுகிறவர்கள் நாங்கள், விதி எழுதுகிறவர்கள் நீங்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் எழுதினால் புத்தகத்தில் முதல் விதியே ‘பயிற்சிக்கு நடுவில் ஐஸ்கிரீம்’ என்றுதான் இருக்கும்.

எங்கள் உடைகளைத் தைக்கும் தையல்கார அக்கா ஒருநாள் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, தூக்கிப் போட்டுப் பிடிக்கறதுக்கா இவ்வளவு பெரிய புத்தகம்?”

“பிடிக்கலைன்னா என்ன பண்றதுன்னுதான் அக்கா மீதி எல்லாம்” என்றேன்.

ஆம், பெரியோர்களே! விதி வானத்திலிருந்து விழுவதா? மரத்தில் காய்ப்பதா? இல்லை. எங்கோ ஒரு பிள்ளைக்கு அடிபடுகிறது. ஒரு கழகத்துக்குத் தூக்கம் கெடுகிறது. போட்டிக்காலம் முடிந்ததும் அந்தக் கழகம் பழைய விதி இது, புதிய வரி இது, காரணம் இது என்று எழுதி முன்மொழிகிறது. இன்னொரு கழகம் வழிமொழிய வேண்டும். விதிக்குழு அதை நடுவர்களிடம் கேட்கிறது, மருத்துவரிடம் கேட்கிறது, எல்லாக் கழகங்களுக்கும் அனுப்பி, “குறை இருந்தால் சொல்லுங்கள்” என்கிறது. குறைகளைக் கேட்டு வரியைத் திருத்துகிறது. கடைசியில் இந்த மண்டபத்துக்கு வருகிறது. மூன்றில் இரண்டு பங்கு கைகள் உயர்ந்தால் அடுத்த போட்டிக்காலத்தில் விதி. உயராவிட்டால் வெறும் காகிதம். நகம் நீளக் கூடாது, தோடு போடக் கூடாது என்று இரண்டு வரி இருக்கிறதே, அதற்குப் பின்னாலும் கிழிந்த கன்னமும் அறுந்த காதும் இருக்கின்றன. என் அம்மாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு நகவெட்டி கிடக்கும். வரிசையாக எங்கள் விரல்களைப் பிடித்துப் பார்ப்பார். மற்ற பிள்ளைகளுக்கு வெட்டிவிடுவார், என்னை மட்டும் “உனக்குத் தனியா சொல்லணுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் வெட்டுவார்.

இன்று நீங்கள் திருத்தப் பார்க்கும் விதி என்ன? திட்டமிடாமல் யார் கீழே வந்தாலும் விழுந்ததாகவே கணக்கு, முழுப் புள்ளி வெட்டு. அந்த விதியை முன்மொழிந்தவர் யார்? நம்மில் பலருக்கு மறந்திருக்கும். என் அம்மா!

அன்று மேலிருந்து ஒரு பிள்ளை விழுந்தால் அதற்கு விலையே இல்லை. எழுந்து சிரித்தால் போதும். தாங்கத் தெரியாத கைகள்மீது ஏறத் தெரியாத கால்களை ஏற்றினார்கள். விழுந்தால் விழட்டும், நின்றால் கோப்பை! இப்படி ஆடிய ஒரு குழு விழுந்து விழுந்து ஜெயித்த அன்று, அம்மா வீட்டுக்குப் போகாமல் மண்டபத்து வாசலிலேயே உட்கார்ந்து எழுதினாராம். முதல்முறை வழிமொழிய ஆளில்லை. அடுத்த முறை ஆள் கிடைத்தது. அன்று இதே மேடையில் இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு பேசினார். குழந்தை வீறிட்டு அழுததால்தான் விவாதம் சீக்கிரம் முடிந்து விதி நிறைவேறியது என்று சொல்வார்கள். அந்தக் குழந்தை நான். ஆகவே அந்த விதியில் எனக்கும் பங்குண்டு, தலைவர் அவர்களே!

அன்று அதை எதிர்த்தவர், எப்போதும் கழுத்தில் விசில் தொங்கும், எல்லோரும் விசில்காரர் என்று அழைக்கும் எதிரணிப் பயிற்சியாளர் ஐயா. இன்று திருத்தத்தை முன்மொழிந்திருப்பவரும் அவரே. அம்மாவுக்குக் கோபம் வராதா?

“அன்னைக்கு விதியே வேணாம்னு குதிச்ச மனுஷன், இன்னைக்கு அதுல ஓட்டை போட வர்றார்” என்றார் அம்மா, சாப்பாட்டு மேசையில். “‘இறக்கு’ன்னு கத்தினா வெட்டு கிடையாதாம். அப்புறம் என்ன? ஆட்டம் கண்டதும் கத்திட்டுத் தப்பிச்சுக்குவாங்க. இடம் குடுத்தா மடத்தைப் பிடுங்குவாங்க.”

அம்மா சொன்னது தவறா? தவறே இல்லை. அதையே அவர் விதிக்குழுவுக்கு எழுதி அனுப்பினார். விதிக்குழு அதை ஏற்று வரியை மாற்றியது. இப்போது உங்கள் முன் இருக்கும் வரி இதுதான்: மேலே நிற்பவள் ‘இறக்கு’ என்று சொல்லி, தாங்குபவர்கள் பத்திரமாக இறக்கினால், அந்தத் தூக்கலுக்கு உரிய புள்ளி கிடைக்காது. ஆனால் விழுந்ததற்கான வெட்டும் விழாது. கத்துகிறவளுக்கு லாபம் இல்லை, காப்பாற்றப்பட்டவளுக்குத் தண்டனையும் இல்லை. விசில்காரர் ஐயா விதைத்தார், என் அம்மா களையெடுத்தார். எதிர்த்தவர் கையாலேயே திருந்திய திருத்தம் இது! “மாத்தி எழுதினாலும் என் மனசு ஒப்பலை” என்கிறார் அம்மா. அந்த மனதிடம் பேசத்தான் வந்திருக்கிறேன்.

பெரியோர்களே, போன போட்டியில் என் கையில் நின்று விழுந்தவள் என் தங்கை.

வாலு என்பது வீட்டில் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர். வாயை மூட மாட்டாள். தூக்கத்திலும் பேசுவாள். போட்டியன்று காலை பயத்தில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தாள். நாங்கள் தூக்கினோம். அவள் நின்றாள், கை விரித்தாள், சிரித்தாள். என் உள்ளங்கையில் அவள் பாதம் நடுங்கியது. ‘இறக்கு’ என்று சொல்ல வேண்டியவள் மேலே நிற்பவள்தான். அது எங்கள் வழக்கம். கீழே இருப்பவர்கள் தாமாக இறக்கினால் நால்வரும் நாலு திசைக்குப் போவோம். சொல்லுவாள், இதோ சொல்லுவாள் என்று காத்திருந்தேன். ஊரெல்லாம் பேசுகிற வாய் சொல்லவில்லை. சிரித்தபடியே சாய்ந்தாள். பின்னால் நின்றவள் பாய்ந்து பிடித்ததால் தலை தப்பியது. கை முறிந்தது.

மருத்துவமனை நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மாவுக்கட்டு இன்னும் ஈரம். அம்மா மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தார்.

“ஏன்டி வாயைத் திறக்கலை? ஒரே ஒரு வார்த்தை, ‘இறக்கு’ன்னு!”

“சொன்னா வெட்டு விழுமேக்கா.”

“விழுந்தப்பவும்தான் வெட்டு விழுந்துச்சு, லூசு!”

“அதான்க்கா. சொன்னாலும் அதே வெட்டு, விழுந்தாலும் அதே வெட்டு. அப்ப நின்னு பாத்துடலாமேன்னு நெனச்சேன்.” மாவுக்கட்டின் ஈரத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். “அதோட, அது அம்மா போட்ட விதிக்கா. அம்மா பொண்ணே அதுல மாட்டிக்கிட்டா அம்மாவுக்கு அசிங்கமா இருக்காதா? அம்மாகிட்ட சொல்லிடாத. என் மேல சத்தியம்.”

(இந்த இடத்தில்தான் என் கை நின்றுவிடுகிறது. இதை மேடையில் சொன்னால் எல்லோர் கையும் உயரும். அம்மாவின் தலை தாழும். அத்தனை பேர் நடுவில், அவர் பெற்ற பிள்ளையே, ‘உங்கள் விதியால்தான் உங்கள் மகள் வாயை மூடிக்கொண்டாள்’ என்று சொன்னதாக ஆகிவிடும். நான் சொல்ல வருவது அது இல்லை. இதை அடித்தேன், திரும்ப எழுதினேன். அடித்தால் பேச்சில் உயிர் இல்லை. வைத்திருந்தால் எனக்கு உயிர் இல்லை. பக்கத்தில் வாலு புரண்டு படுக்கிறாள். அந்தக் கையைத் தலைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குகிறாள், வலிக்காதா? சரி. காலைவரை இது இங்கேயே இருக்கட்டும். மேலே எழுதுகிறேன்.)

பெரியோர்களே! அந்த விதி கெட்ட விதியா? இல்லை. பிள்ளைகள் விழக் கூடாது என்று அழுது எழுதிய விதி. எத்தனை எலும்புகளை அது காப்பாற்றியது என்று மருத்துவர் அம்மாவைக் கேளுங்கள். ஆனால் விழுகிறவளையும் இறங்குகிறவளையும் அது ஒரே தட்டில் வைத்துவிட்டது. தாய் அடிப்பாள் என்று பயந்து காய்ச்சலை மறைக்கிற பிள்ளை உண்டல்லவா? தாய் அடிப்பது பிள்ளை மழையில் நனையக் கூடாது என்றுதான். பிள்ளையோ காய்ச்சலை மறைக்கிறது! இதில் யார் குற்றவாளி? தாயா? பிள்ளையா? யாரும் இல்லை. நடுவில் ஒரு வரி குறைகிறது, அவ்வளவுதான். “நனைந்தாலும் வந்து சொல்லு, அடிக்க மாட்டேன்” என்கிற ஒரே ஒரு வரி!

அந்த வரியைத்தான் கேட்கிறோம்.

(பின்னாலிருந்து யாராவது, “பயந்தவள் ஏன் மேலே ஏற வேண்டும்?” என்பார்கள். போன கூட்டத்திலும் ஒருவர் சொன்னாராம். பதில் இது.)

ஐயா, பயமில்லாதவளை எனக்குக் காட்டுங்கள், அவளை நான் தூக்க மாட்டேன்! பயந்தவள்தான் பாதத்தை ஒழுங்காக வைப்பாள். எங்களுக்கு வேண்டியது பயமில்லாத பிள்ளை அல்ல, பயத்தைச் சொல்லத் தெரிந்த பிள்ளை. இன்று நீங்கள் மறுத்தால் அடுத்த முன்மொழிவுக் காலம் வரும்வரை எத்தனை போட்டி? எத்தனை மேடை? எத்தனை பிள்ளைகள் மேலே நின்று சிரித்துக்கொண்டே வார்த்தையை விழுங்குவார்கள்? மேலே நிற்பவளுக்கு இந்த மண்டபத்தில் வாக்கு இல்லை. வாக்குத்தான் இல்லை, வார்த்தையாவது கொடுங்கள்! அவள் வாயில் ஒரு வார்த்தை கொடுங்கள். அந்த வார்த்தைக்கு விலை வைக்காதீர்கள். தாங்க நாங்கள் இருக்கிறோம். எங்கள் கைகள் இருக்கின்றன. அவள் ஒரு சொல் சொன்னால் போதும், பூவைக் கிள்ளி வைப்பதுபோல் தரையில் வைத்துவிடுவோம்!

பேச இடம் தந்த தலைவர் அவர்களுக்கு நன்றி. என்னை நம்பி அழைத்த விசில்காரர் ஐயாவுக்கு நன்றி. வழிமொழிந்த கழகத்துக்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட தாய்மார்களே, தந்தைமார்களே, உங்களுக்கு நன்றி. என் அம்மாவுக்கு என்ன சொல்வது? அம்மா, உங்கள் விதியை உடைக்க வரவில்லை. நீங்கள் அதை எழுதும்போது நினைத்ததை இன்னும் கொஞ்சம் நன்றாக எழுதலாம் என்றுதான்

கதவைத் தட்டுகிறார்கள்.

விளக்கை அணைத்துவிட்டேன். இருட்டில் எழுதுகிறேன். அம்மா குரல்.

“அணைக்காதே. ஒவ்வொரு வரியும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் எழுதறே. இந்தக் கதவு அட்டை மாதிரி, எல்லாம் கேக்குது. வாலு ஆஸ்பத்திரியில சொன்னதும் கேட்டுச்சு.”

அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்கிறது.

“நீதான் விதிப் புத்தகத்தைக் கரைச்சுக் குடிச்சவளாச்சே, ஒண்ணு சொல்லு. எதிர்த்துப் பேசறேன்னு பேர் குடுத்த ஒருத்தி, காலையில போய் ஆதரிக்கிற பக்கத்துக்குப் பேரை மாத்திக்க விதியில இடம் இருக்கா, இல்லையா? கதவைத் திற.”